காற்று முறித்ததும் நாம் முறித்ததும்

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாளைக் குமரி மாவட்டத்தார் எவரே மறக்க வல்லார்? ஒக்கிப் புயல் ஓய்ந்தபின் குலசேகரத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து பார்த்தபோது, முற்றமே அடையாளம் தெரியவில்லை. இரு தென்னைகள் வேரோடு சாய்ந்திருந்தன. நட்டு நான்காண்டே ஆன பலா ஒருபுறமாய்ப் படுத்துக் கிடந்தது. அப்பாலுள்ள தோட்டத்தில் ரப்பர் மரங்கள் நடுத்தண்டு முறிந்து வரிசை வரிசையாய் நின்றன. பாட்டனார் நட்ட அயினியோ, பெருங்கிளை ஒன்றை இழந்தும் நிமிர்ந்தே நின்றது.

கடற்கரை ஊர்களில் கடலுக்குச் சென்ற தந்தையரையும் மக்களையும் இழந்து கதறியோரை எண்ணுங்கால், மரங்களுக்காக வருந்த எங்களுக்கு நாணமாகவே இருந்தது. ஆயினும், அந்த அயினியின் நிழலில் மூன்று தலைமுறை வளர்ந்திருந்தது. அதன் சக்கையைப் பகிர்ந்து தின்றதும், மழைநாளில் அதன் கொட்டையை வறுத்துக் கொறித்ததும் எங்கள் குடும்பத்தின் வரலாறன்றோ!

அச்சம் நல்ல ஆலோசகன் அன்று. அடுத்த காற்றில் மரம் வீட்டின்மேல் விழுமே என்று அஞ்சி, வந்த முதல் ஆளிடமே வேலையை ஒப்படைத்தோம். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு கழிந்த மறுநாளே, நலமாயிருந்த கிளைகளையும் சேர்த்து அயினியை மொட்டையடித்தோம். வெட்டுவாய்களில் தாரும் பூசினோம். எஞ்சிய தென்னைகளைச் சீர்செய்ய வந்த, மரமேறுவதிலேயே முதுமையடைந்த பெரியவர் ஒருவர் அதைக் கண்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். பின்னர், “மக்களே, காத்து முறிச்சது கொஞ்சம், நாம முறிச்சதுதான் கூடுதல்” என்றார். அச்சொல் அன்று எங்களுக்குக் கசந்தது.

மறு ஆண்டு, வெட்டிய இடமெல்லாம் கொத்துக் கொத்தாய்த் துளிர்த்தது. மரம் பிழைத்தது என மகிழ்ந்தோம். மூன்றாம் ஆண்டின் தென்மேற்குப் பருவமழையில், கைப்பருமன் கொண்ட அத்துளிர்க் கிளைகளில் ஒன்று திடுமெனப் பிய்ந்து விழுந்தது. சற்றுமுன் அவ்விடத்தில்தான் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. ஏறிப் பார்த்தபோது, தார் பூசிய வாயின் கீழே மரம் மக்கி, கை நுழையுமளவு பொந்து விழுந்திருந்தது. வேறு வழியின்றி அயினியை அடியோடு வெட்டினோம்.

எங்கே தவறினோம்? அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து ஆய்ந்து கண்ட உண்மை இதற்கு விடை தருகிறது. நம் உடற்புண் ஆறுவதுபோல் மரத்தின் புண் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளேயே சுவரெழுப்பி, அழுகல் பரவாமல் தடுத்து, அதன்மேல் புதுமரத்தை வளர்த்துக்கொள்கிறது. அச்சுவரை எழுப்ப உணவு வேண்டும். உணவை ஆக்க இலை வேண்டும். நாங்களோ இலைகளையெல்லாம் ஒரே நாளில் பறித்துவிட்டு, எண்ணற்ற பெரும்புண்களையும் உண்டாக்கினோம். தாரோ அழுகலைத் தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே அடைத்து அழுகலுக்குத் துணைபுரியவும் கூடும். மொட்டையடித்தபின் எழும் துளிர்களும் மரத்தின் உட்புறத்தில் வேரூன்றாமல் மேற்பரப்பிலேயே ஒட்டி நிற்பவை; கனம் கூடியதும் பிய்ந்து விழுபவை.

கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையம்போன்ற ஒரு புடைப்பு உண்டு. மரம் சுவரெழுப்புவது அங்கேதான். எனவே அதை ஒட்டி வெளிப்புறத்தில் வெட்ட வேண்டும். தண்டோடு தண்டாய்ச் செதுக்குவதும் தவறு, நீண்ட முளை விட்டு வெட்டுவதும் தவறு. பெருங்கிளையாயின் மூன்று வெட்டு வேண்டும். முதலில் புடைப்புக்கு ஓரடி தள்ளி அடிப்புறத்தில் சிறிது அறுத்து, அடுத்து அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை வீழ்த்தி, இறுதியில் எஞ்சிய முளையை நீக்க வேண்டும். இங்ஙனம் செய்தால் பட்டை உரிந்து தொங்காது.

தென்னையிலும் ஒரு பாடம் கற்றோம். வீழ்ந்த தடிகளை வேலியோரம் உருட்டிவிட்டு மறந்தோம். அவை மக்கியபோது காண்டாமிருக வண்டு அங்கே பெருகி, புயலுக்குத் தப்பிய மரங்களின் குருத்தைத் துளைத்தது. அத்துளையும் பச்சைக் காயமும் சிவப்புக் கூன்வண்டை அழைக்கும் வாசல்கள். கூன்வண்டோ மரத்தையே கொல்வது. பெரியவர் இரும்புக் கொக்கியால் வண்டுகளைக் குத்தி எடுத்தார். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரு பங்கும் கலந்து, மரத்திற்கு 150 கிராம் வீதம் குருத்தையடுத்த மூன்று மட்டைக் கவைகளில் இட்டார். மக்கிய தடிகளை எரித்தோம். அத்தென்னைகள் இன்றும் காய்க்கின்றன.

புதிதாய் நட்ட ரப்பர்க் கன்றுகளுக்கு மழைக்காலத்தில் இளஞ்சிவப்பு நோய் கண்டபோது நாங்கள் காலந்தாழ்த்தவில்லை. கவட்டில் சிலந்திவலைபோல் பூசணம் படர்ந்து பால் வடிந்ததும், ஒரு கிலோ துருசும் ஒரு கிலோ சுண்ணாம்பும் தனித்தனியே கரைத்துப் பத்து லிட்டராக்கிய போர்டோ பசையைப் பூசினோம். நோய்க்கு மருந்து வேறு, வெட்டுவாய்க்குத் தார் வேறு என்பதை அப்போது அறிந்திருந்தோம்.

சாய்ந்த பலாவின் கதை இன்பமானது. புயலுக்கு மறுநாளே, மண் ஈரம் காயுமுன் பெரியவர் அதை நிமிர்த்தி, வெளிப்பட்ட வேர்களை மண்ணால் மூடி, மூன்று முளைகளடித்து, பட்டையை அறுக்காதபடி பழைய சைக்கிள் ட்யூபால் கட்டினார். ஓராண்டில் கட்டை அவிழ்க்கவும் மறக்கவில்லை. இளமரமாதலின் அது பிழைத்தது. முதிர்ந்த மரத்தை இவ்வாறு நிமிர்த்துவது அரிது.

புயல் ஒரு நாளில் கடந்துவிடுகிறது. மரத்தின் சாவும் வாழ்வும் பெரும்பாலும் அதற்கடுத்த மாதங்களில் நம் கையில் இருக்கின்றன. வீட்டின்மேல் தொங்கும் கிளையையும் மின்கம்பியில் சாய்ந்த மரத்தையும் உடனே உரியவர்களைக் கொண்டு அகற்றத்தான் வேண்டும். ஏனையவற்றிற்கு அரிவாளை எடுக்குமுன் அறிந்தவரை அழையுங்கள். பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் மருத்துவரை நாடும் நாம், தலைமுறைகளைக் காத்த மரத்திற்கு மட்டும் கண்டவரிடம் வைத்தியம் கேட்கலாமா?

அயினி நின்ற இடத்தில் புதிய அயினிக் கன்றொன்றை நட்டிருக்கிறோம். அதன் நிழலில் நாங்கள் அமரப்போவதில்லை. குழந்தை அதற்கு நாள்தோறும் நீர் வார்க்கிறது.