ஆண்டாள் பாடிய சோலைமலை

மதுரை மாநகருக்கு வடக்கே சுமார் 21 கி.மீ. தொலைவில் நீண்டு கிடக்கிறது அழகர்மலை. திருமாலிருஞ்சோலை, சோலைமலை, இடபகிரி என்று இதற்குப் பல திருநாமங்கள். சித்திரையில் அழகர் வைகைக்கு எழுந்தருள்வதை அறியாத தமிழர் இல்லை. அவர் இறங்கி வரும் மலையை நின்று பார்ப்பவர்களோ குறைவு. அடிவாரத்தில் பெருமாளையும் பதினெட்டாம்படிக் கருப்பரையும் சேவித்து, தோசைப் பிரசாதம் வாங்கிக்கொண்டு பலர் ஊர் திரும்பிவிடுகின்றனர்.

ஆண்டாளுக்கு மலையே முதலில் கண்ணில் பட்டது. நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் திருமொழி, சோலையெங்கும் செந்தூரப் பொடி தூவியது போல் பரவிய இந்திரகோபப் பூச்சிகளோடுதான் தொடங்குகிறது. கிராமத்துப் பெரியவர்கள் இதைத் தம்பலப்பூச்சி என்பார்கள். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் மறைந்திருந்து, நல்ல மழையில் நிலம் நனைந்ததும் மேலே வரும் செம்பட்டு நிறச் சிற்றுயிர். மண் ஈரமாகவும் கெடாமலும் இருந்தால்தான் அது தென்படும்.

அதே திருமொழியில் குயில், மயில், கருவிளை மலர், களாக்கனி, காயாம்பூ ஆகிய ஐந்தையும் கூப்பிட்டுக் கடிந்துகொள்கிறாள் கோதை. அழகருடைய திருமேனி நிறம் உங்களுக்கு எதற்கு என்பது அவள் கேள்வி. கருவிளை என்பது நம் வீட்டு வேலியில் படரும் நீலச் சங்குப்பூதான். களாவும் காயாவும் வறண்ட குன்றுகளில் வளரும் புதர்ச்செடிகள். கற்பனைச் சோலை அன்று அது. இந்த நிலத்தின் செடிகொடிகளே பாசுரத்தில் இடம்பெற்றிருக்கின்றன.

இவை அனைத்துக்கும் உயிர் கொடுப்பது மலையின் நீர். மலைமேல் ராக்காயி அம்மன் சந்நிதியருகே நூபுர கங்கை விழுகிறது. உலகளந்த பெருமாளின் திருவடியைப் பிரமன் நீராட்டியபோது சிலம்பிலிருந்து பெருகியது என்பது புராணம்; அதனால் தமிழில் சிலம்பாறு. மழைநீர் மரங்களின் இலைகளில் தங்கி, சருகு மூடிய மண்ணில் மெல்ல இறங்கி, பாறை வெடிப்புகளின் வழியே கசிந்து ஊற்றாகிறது. மரமும் சருகும் போனால் பெய்த மழை ஒரே நாளில் ஓடிவிடும். ஊற்றுக்கு எதுவும் மிஞ்சாது.

உற்சவர் சுந்தரராஜப் பெருமாளுக்கு இந்நீரால் மட்டுமே திருமஞ்சனம். வேறு நீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது மரபு. அப்படிப்பட்ட தீர்த்தத்தில் சோப்பும் ஷாம்பும் போட்டுக் குளிப்பதையும், நனைந்த துணியைப் பாறையிலேயே விட்டுச் செல்வதையும் என்னவென்று சொல்வது! குரங்குகள் பிளாஸ்டிக் பைகளைப் பிரித்துக் காடெங்கும் இறைக்கின்றன. அவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை; பைகளைக் கொண்டுவந்தவை அவை அல்லவே.

முழங்கால் வலியுள்ளவர்களும் மலைமேல் செல்லலாம். பழமுதிர்சோலை முருகன் சந்நிதி வழியாகத் தீர்த்தம் வரை சாலை உண்டு. ஐப்பசியில் ஒரு மழை பெய்து ஓய்ந்த பின் காலையில் போவது நலம். வழியோரத்து மண்ணைச் சற்றுக் குனிந்து பார்க்கவேண்டும், செம்பட்டுப் பூச்சி ஊர்கிறதா என்று. அதே ஐப்பசியில் தைலக்காப்பு உற்சவத்தின்போது அழகரும் கோயிலை விட்டு மலைவழியே மேலே எழுந்தருளி, இந்த நீரில்தான் நீராடுகிறார்.