ஒட்டிக்கொண்ட மிதி

தமக்குத் தெரியாத விஷயத்தைப் பிறருக்குப் போதிக்கும் தொழில்கள் உலகத்தில் பல உண்டு. உபாத்தியாயர் தொழிலும் அவற்றில் ஒன்றுதானா என்று யாராவது 2017-ஆம் வருஷத்துக்கு முன்பு என்னைக் கேட்டிருந்தால், எனக்குப் பிரமாதமான கோபம் வந்திருக்கும். இப்போது வருவதில்லை. அந்த வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை, திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் ரஸ்தாவில், ஏறக்குறைய அரை நிமிஷ நேரத்தில் என் கோபம் அவ்வளவும் இறங்கிப் போய்விட்டது. அந்த அரை நிமிஷத்தின் கதையையே இங்கே சொல்லப் போகிறேன்.

நான் பௌதிக சாஸ்திரம் போதிக்கிறவன். விசை, உராய்வு, சுருள்வில், காற்றின் அழுத்தம் ஆகிய இவை எல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை என் வாயிலிருந்து புறப்பட்டு மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களில் போய் அடங்கும். அப்போது என்னிடம் பன்னிரண்டு வயதான ஒரு மோட்டார் கார் இருந்தது. இன்னொருவர் ஓட்டி அலுத்துப்போன பிற்பாடு எனக்கு வாய்த்த வண்டி. அதை இன்னார் செய்தது என்று சொல்ல மாட்டேன். குற்றம் வண்டியினுடையது அல்லவே!

என் மாமனார் முப்பது வருஷ காலம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையின் வளைவுகள் ஒவ்வொன்றும் அவருக்குத் தம் வீட்டுத் திண்ணையைப் போல. அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது எத்தகைய மரியாதை? மாலை வேளைகளில் அவர் திண்ணையில் உட்கார்ந்து பழைய கதைகளைச் சொல்லுவார். நான் மடியில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, இடையிடையே "அப்படியா!" என்பேன். எம்.எஸ்ஸி. படித்த மாப்பிள்ளை பஸ் டிரைவரின் பேச்சைக் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன இருக்கிறது என்ற எண்ணம் என் உள்ளத்தின் ஒரு மூலையில் ஒளிந்துகொண்டிருந்தது. அதை அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன், இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மோட்டாரில் நம் வலது காலின் கீழ் இருக்கும் ஆக்ஸிலரேட்டர் மிதியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் வண்டியைப் போன்ற பழைய வண்டிகளில், அந்த மிதியிலிருந்து ஒரு கம்பி வடம், ஓர் உறைக்குள்ளே நுழைந்து, எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாய் வரையில் செல்கிறது. அந்தக் குழாயின் வாயில் வட்டமான ஒரு தகடு கதவைப் போல அமைந்திருக்கும். மிதியை அழுத்தினால் கதவு திறக்கும், காற்றும் பெட்ரோலும் அதிகமாய்ப் போகும், வண்டி பாயும். காலை எடுத்தால் சுருள்வில் கதவை இழுத்து மூடிவிடும். ஆக, வண்டியை ஓடச் செய்வது நம் கால். ஓட்டத்தை அடக்குவது ஒரு சிறு வில். வடத்தின் இழை ஒன்று பிரிந்தாலும், உறைக்குள்ளே துருவும் தூசியும் சேர்ந்தாலும், காலுக்குக் கீழே விரித்த விரிப்பு மிதியின் மேல் ஏறிக்கொண்டாலும், அந்த வில்லினால் ஒன்றும் செய்ய முடியாது.

என் வண்டியின் மிதி ஒரு மாத காலமாகவே எச்சரிக்கை செய்துகொண்டிருந்தது. காலை எடுத்த பிறகும் சற்றுத் தயங்கி, உறக்கத்திலிருந்து எழுந்திருக்கும் பையனைப் போல மெள்ள மேலே வரும். சில சமயம் காலின் நுனியை அதன் அடியில் கொடுத்து நானே தூக்கிவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் ஒரு நாள் இதைக் கவனித்துவிட்டார்.

"மாப்பிள்ளை, மிதி திரும்பி வரச் சோம்புகிறது போலிருக்கிறதே. கேபிளை ஒரு தரம் பார்த்துவிடுங்களேன்" என்றார்.

"பார்க்கிறேன், மாமா" என்றேன். பார்க்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருந்தது என்று ஒரு காரணம் சொல்லலாம். ஆனால் பரீட்சைத் தாளில் இப்படிக் காரணம் எழுதும் பையனுக்கு நான் மார்க்குக் கொடுப்பதில்லை.

மதுரையில் உறவினர் வீட்டுக் கல்யாணம். முன் ஆசனத்தில் என் பக்கத்தில் மாமனார். பின்னால் மாமியார், என் மனைவி, ஒன்பது வயதுப் பெண் குழந்தை, சீர்த்தட்டு, காபி நிரம்பிய பிளாஸ்கு ஒன்று. இடது புறம் சிறுமலை நீலமாய்த் தெரிந்தது. ரஸ்தாவும் நன்றாக இருந்தது. முன்னால் வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி ஒன்று அசைந்து அசைந்து போயிற்று. அதைத் தாண்டுவதற்காக மிதியை முழுவதும் அழுத்தினேன். தாண்டியாயிற்று. காலை எடுத்தேன். மிதி வரவில்லை.

முள் எண்பதிலிருந்து தொண்ணூறுக்குப் போயிற்று. காலின் நுனியால் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. குனிந்து கையினால் இழுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படிச் செய்திருந்தால், ரஸ்தாவிலிருந்து கண் விலகிய அந்தக் கணமே எங்கள் எல்லோருக்கும் கடைசிக் கணமாக இருந்திருக்கும். தூரத்தில் கொடைரோடு சுங்கச் சாவடி தெரிந்தது. அதன் முன்னே வண்டிகள் வரிசையாய் நின்றன. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். இந்தக் கணக்கு எனக்கு அப்போது கூடத் தெரிந்திருந்தது. தெரியாதது ஒன்றே ஒன்று, என்ன செய்வது என்பதுதான்.

பிரேக்கை அழுத்தினேன். வேகம் குறைந்தது. சற்று விட்டு மறுபடியும் அழுத்தினேன். இந்தத் தடவை மிதி கொஞ்சம் கெட்டியாய் இருந்தது. மூன்றாவது தடவை கருங்கல்லை மிதிப்பது போல் ஆகிவிட்டது! பிரேக்கும் போய்விட்டது என்று எண்ணி நடுநடுங்கினேன்.

உண்மையில் பிரேக் போகவில்லை. பிரேக்கை அழுத்தும்போது நம் காலுக்குத் துணையாக ஒரு கருவி வேலை செய்கிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடமே அந்தக் கருவிக்குப் பலம். ஆனால் காற்றுக் கதவு முழுதும் திறந்து கிடந்தால் வெற்றிடம் எங்கிருந்து உண்டாகும்? கருவியில் முன்பே சேமிப்பாய் இருந்ததை இரண்டு மூன்று அழுத்தல்களில் நான் தீர்த்துவிட்டேன். 1650-களில் ஜெர்மனி தேசத்தில் கெரிக்கே என்பவர் இரண்டு உலோக அரைக்கோளங்களை ஒட்டவைத்து, உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, குதிரைகளைப் பூட்டி இழுத்தாலும் பிரியாதபடி செய்து காட்டியதை வருஷந்தோறும் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவன் நான். அந்தக் காற்றழுத்தமே என் காலடியில் என்னை விட்டுப் போனபோது, அதை நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

அப்போது கியர்த் தடியின் மேல் இருந்த என் இடது கையின் மீது ஒரு கை வந்து அமர்ந்தது. முரட்டுக் கை, ஆனால் சிறிதும் நடுங்காத கை.

"மாப்பிள்ளை, கிளட்சை மிதியுங்கள்" என்றார் மாமனார். திண்ணையில் பேசும் அதே குரல்.

மிதித்தேன். என் கையோடு சேர்த்துத் தடியை அவர் நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் பேய் பிடித்தது போல் அலறிற்று. பின்னால் குழந்தை அழத் தொடங்கினாள்.

"கத்தட்டும். சக்கரத்துக்கும் அதற்கும் இப்போது சம்பந்தம் இல்லை. பிரேக்கை ஒரே அழுத்தாய் அழுத்துங்கள், விட்டுவிட்டு அழுத்தாதீர்கள்."

முதுகை ஆசனத்தில் ஊன்றி, உள்ள பலம் அனைத்தையும் காலில் கொடுத்தேன். வண்டி தளர ஆரம்பித்தது. என் வலது கை தானாகவே சாவியை நோக்கிப் போயிற்று.

"சாவியைத் தொடாதீர்கள். முதலில் ஓரம் கட்டுங்கள். நின்ற பிறகு அணைக்கலாம்."

ஓடுகிற வண்டியில் பதறிப்போய்ச் சாவியை உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சினை அணைத்தால் சக்கரத்தைத் திருப்புவதற்கும் துணைப் பலம் இராது. இதையெல்லாம் பிற்பாடு யோசித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது அவர் சொன்னதைச் செய்தேன், அவ்வளவுதான். சுங்கச் சாவடிக்கு இப்பால், நின்றிருந்த வரிசையின் கடைசி வண்டி கண்ணுக்கு நன்றாகத் தெரியும் தூரத்தில், ரஸ்தா ஓரத்தில் வண்டி நின்றது. சாவியைத் திருப்பினேன். அலறல் ஓய்ந்தது. அதன் பிறகு உண்டான நிசப்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மாமனார் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். மேல்மூடியைத் திறந்து, வடம் உறைக்குள் நுழையும் இடத்தைக் காட்டினார். இழை ஒன்று அறுந்து, சுருண்டு, உறையின் வாயில் முள்ளைப் போல் மாட்டிக்கொண்டிருந்தது. "நான் அன்றைக்கே சொன்னேனே" என்று சொல்லுவதற்கு அதைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் மனிதருக்கு வாய்க்காது. அவர் சொல்லவில்லை.

"எனக்கும் ஒரு தரம் மலைப்பாதையில் இப்படி ஒட்டியிருக்கிறது, மாப்பிள்ளை" என்றார்.

"அப்படியா! எங்களிடம் சொல்லவே இல்லையே, மாமா?" என்றேன்.

அவர் புன்னகை செய்தார். காபியை ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி மட்டும் தலை நிமிராமலே, "மூன்று தரம் சொல்லியிருக்கிறார்" என்றாள்.

காபி தொண்டையில் இறங்கவில்லை. வண்டியைப் பழுது பார்க்கும் இடத்துக்கு இழுத்துப் போக ஏற்பாடு செய்துவிட்டுப் பஸ் ஏறி மதுரைக்குப் போனோம். முகூர்த்தம் தவறிவிட்டது, பந்தி தவறவில்லை.

இக்காலத்துப் புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் வடமே கிடையாது. மிதி எவ்வளவு அழுந்தியது என்பதை மின்சாரச் செய்தியாகக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கிறார்கள். அதனால் இந்த அபாயம் அடியோடு ஒழிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 2009-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ஆம் தேதி, அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்தருகே லெக்ஸஸ் கார் ஒன்று கட்டுக்கு அடங்காமல் ஓடி, அதில் இருந்த நால்வரும் மாண்டார்கள். வேறொரு மாதிரி வண்டிக்கு உரிய கால் விரிப்பை அதில் போட்டிருந்தார்கள். அது மிதியைப் பிடித்துக்கொண்டது. ஓட்டியவர் நெடுஞ்சாலைப் போலீஸ் அதிகாரி. வண்டி ஓட்டத் தெரியாதவர் அல்லர். அந்த வண்டிக்குச் சாவித் துளை இல்லை, பொத்தான்தான். ஓட்டத்தில் அதை அணைக்க வேண்டுமானால் பொத்தானைச் சுமார் மூன்று விநாடி விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். இதை முன்பே அறிந்திராதவருக்கு, விநாடிக்கு நாற்பது மீட்டரும் அதற்கு மேலும் பாயும் வண்டியில் எப்படித் தோன்றும்? அதற்குப் பிறகு லட்சக்கணக்கான வண்டிகளின் விரிப்புகளையும் மிதிகளையும் மாற்ற நேர்ந்தது. பிரேக்கை அழுத்தினால் எஞ்சின் தானே அடங்கும்படியான ஏற்பாடும் பல வண்டிகளில் வந்துவிட்டது. ஆயினும் கியர் தானாக மாறும் வண்டி வைத்திருப்பவர்கள், 'என்' என்ற நியூட்ரல் இடத்துக்குத் தடியை எப்படித் தள்ளுவது, பொத்தானை எத்தனை நேரம் அழுத்துவது என்று வண்டி நிற்கும்போதே தெரிந்து வைத்துக்கொள்வது நலம். விரிப்பின் மேல் விரிப்புப் போடாமல் இருப்பது அதைவிட நலம்.

தெரிந்து வைத்துக்கொள்வது என்றேன். அது கூடப் போதாது. எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. என் தலையில் இருந்த பௌதிக சாஸ்திரம் கால் வரையில் இறங்கி வருவதற்குள் சுங்கச் சாவடி வந்துவிட்டிருக்கும். மாமனாருக்கோ தெரிந்தது முழுவதும் கையிலேயே இருந்தது. இப்போது நான்கு மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமைகளில், பள்ளிக்கூட மைதானத்தில் வண்டியை நிறுத்தி, நானும் என் மனைவியும் மாறி மாறி உட்கார்ந்து பழகுகிறோம்: கிளட்சு, நியூட்ரல், ஒரே அழுத்தாய்ப் பிரேக், ஓரம், கடைசியில் சாவி. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். வகுப்பிலும் இப்போது பையன்கள் காற்றழுத்தத்தைப் படத்தில் பார்ப்பதோடு நிற்பதில்லை. ரப்பர்க் கிண்ணங்கள் இரண்டை ஒட்டவைத்துத் தங்கள் கையாலேயே இழுத்துப் பார்க்கிறார்கள்.

அன்று கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய பிறகு, இரவு திண்ணையில் மாமனாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மடியில் புத்தகம் இல்லை. "மாமா, மலைப்பாதையில் ஒட்டிக்கொண்ட கதையைச் சொல்லுங்கள்" என்றேன். 1986-ஆம் வருஷம், ஐப்பசி மழையில், ஐம்பது பிரயாணிகளோடு ஏறிக்கொண்டிருந்த பஸ்ஸில் வளைவுக்குச் சற்று முன்னால் மிதி ஒட்டிக்கொண்டது, நியூட்ரலுக்குத் தள்ளிப் பிரேக்கை அழுத்தி நிறுத்தியது, சக்கரம் பின்னால் உருளுமுன் கண்டக்டர் குதித்துக் கட்டை வைத்தது எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னார். அவருக்கு அது நாலாவது தரம் சொல்லும் கதை. எனக்கு அதுதான் முதல் தரம்.