சாள்ஸ் நதிக்கரையில் இரு கலைக்கூடங்கள்

அமெரிக்க நாட்டின் பொஸ்ரன் நகரத்துக்கும் கேம்பிரிட்ஜ் நகரத்துக்கும் இடையே சாள்ஸ் நதி அமைதியாக ஓடுகின்றது. கோடையிலே வெண்பாய் விரித்த சிறு படகுகள் அதன்மீது அன்னங்களைப் போல அசைகின்றன. நதியைக் கடக்கும் பாலத்தின் பெயரோ ஹாவார்ட் பாலம். ஆனால் அது நம்மைக் கொண்டு சேர்ப்பது மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் வாயிலுக்கே! ஹாவார்ட் சர்வகலாசாலையைக் காண விழைவோர் அதே வீதியில் இன்னும் ஏறக்குறைய இரண்டு மைல் நடத்தல் வேண்டும். அந்நடை கற்பித்தற் கலையைப் பற்றி நமக்கு ஒரு பாடமாகவே அமைகின்றது.

தொழினுட்ப நிறுவகத்தை ஊடறுத்துச் செல்லும் நடைகூடம் 251 மீற்றர் நீளமுடையது. 'முடிவிலா நடைகூடம்' என்பது மாணாக்கர் அதற்கு இட்ட பெயர். ஆண்டிற் சில நாட்களில் மாலைச் சூரியனின் கதிர் அதன் ஒரு முனை தொட்டு மறு முனை வரை பாயும். அறிவொளியும் அவ்வாறே சுவர்களைக் கடத்தல் வேண்டுமென எண்ணினர் போலும்! தன் பாடங்களை இணையத்தின் வழியே எவரும் இலவசமாகப் பெறலாமென இந்நிறுவகம் 2001 ஆம் ஆண்டில் அறிவித்தது. பேராசிரியர் கில்பேட் ஸ்றாங் 1999 இல் நிகழ்த்திய ஏகபரிமாண அட்சரகணித விரிவுரைகளின் ஒளிப்பதிவுகளும் அவற்றுள் அடங்கும். கையிலே வெண்கட்டி, எதிரே கரும்பலகை. வேறு ஆடம்பரம் யாதுமில்லை. 1962 முதல் 2023 வரை அங்கு கற்பித்த அவரது பாடத்தை யாழ்ப்பாணத்து மாணவனும் மட்டக்களப்பு மாணவியும் வீட்டிலிருந்தே கேட்கலாம். விளங்காத இடத்தை மீண்டும் மீண்டும் பார்க்கலாம்.

எனினும் ஐயமொன்று எழுகின்றது. ஆசிரியரின் சொல்லை மாணவனிடம் கொண்டு செல்லும் ஒளிப்பதிவு, மாணவனின் மயக்கத்தை ஆசிரியரிடம் கொண்டு வருமா?

இதற்கு விடை ஹாவார்ட்டிலே கிடைக்கின்றது. அங்கு பௌதிகம் கற்பித்த எரிக் மஸூர், சூத்திரங்களைக் கொண்டு கடினமான கணக்குகளைச் செய்த மாணாக்கர், விசையைப் பற்றிய எளிய வினாக்களிலே தடுமாறுவதை 1990 இல் கண்டார். அடுத்த ஆண்டு முதல் தம் முறையை மாற்றினார். விரிவுரையின் நடுவே ஒரு வினா எழுப்புவார். ஒவ்வொருவரும் தனித்துச் சிந்தித்து விடையளிப்பர். ஆதியிலே கையுயர்த்திக் காட்டிய விடையைப் பிற்காலத்திற் கையடக்கக் கருவிகள் நொடியிற் கூட்டித் தந்தன. சரியான விடையளித்தோர் 30 முதல் 70 சதவீதமாயின், அயலிலிருப்பவருடன் வாதிடுமாறு பணிப்பார்; பின்னர் மீண்டும் விடை பெறுவார். சற்றுமுன் விளங்கிக்கொண்டவனுக்கன்றோ, வழுக்கும் இடம் எதுவென்று நன்கு தெரியும்!

2020 இல் கொள்ளைநோய் பரவியபோது நம் நாட்டுச் சர்வகலாசாலைகளும் கணினித் திரைக்குள் புகுந்தன. "விளங்கியதா?" என்று ஆசிரியர் வினவ, மௌனமே விடையாக வந்த வகுப்புகள் பல. கருவிகள் நம்மிடம் வந்துவிட்டன. சொல்லைச் சேமிப்பதற்கு மட்டுமன்றி, அந்த மௌனத்தைக் கலைப்பதற்கும் அவற்றை நாம் பயன்படுத்துவோமாக. மாணாக்கரே, விளங்கவில்லையெனச் சொல்வதற்கு நீங்களும் நாணற்க!