பேர் போடாத எழுத்தாளரும் ஒரு பழைய சிநேகிதரும்

கார்மென்னு ஒரு ஆப்பரா. பேர் தெரியாட்டியும் அதோட மெட்டு ஏதாவது ஒண்ணு விளம்பரத்துலயோ கார்ட்டூன்லயோ உங்க காதுல விழுந்திருக்கும். இசை ஜார்ஜ் பிசே. கதையை மேடைக்கு எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் லுடோவிக் அலேவி. இன்னைக்கு இவரைப் பத்தித்தான்.

1834ல பாரிஸ்ல பிறந்தவர். யூத வழிக் குடும்பம். பெரியப்பா பெரிய இசையமைப்பாளர். ஆனா இவர் போனது அரசாங்க வேலைக்கு! (அங்கயே எனக்கு இவரைப் பிடிச்சுப் போச்சு.)

1858ல ஆஃபன்பாக் இசையில 'பாதாளத்தில் ஆர்ஃபியஸ்' வந்துச்சு. கிரேக்கக் கடவுள்களையே கலாய்க்கிற நாடகம். எழுதினதுல அலேவிக்கும் பங்கு உண்டு. ஆனா அப்போ அவர் அல்ஜீரிய விவகார அமைச்சகத்துல அதிகாரி. "என் பேரைப் போட வேண்டாம்"னுட்டார். ஆஃபன்பாக் விடுவாரா? அந்தப் படைப்பையே அவருக்கு சமர்ப்பணம் பண்ணிட்டார்.

1865ல வேலையை விட்டார். ஆன்ரி மெயாக்கோட சேர்ந்து ஹிட் மேல ஹிட்.

1875 மார்ச் 3, கார்மென் முதல் காட்சி. குடும்பத்தோட பார்க்க வர்ற தியேட்டர்ல, கதாநாயகியை மேடையிலயே குத்திக் கொல்றாங்க. அங்கம் போகப் போக கூட்டம் உறைஞ்சு போச்சு. பிசே, அலேவியோட பெரியப்பா மகளைக் கட்டினவர். சின்ன வயசுலேர்ந்தே அடிக்கடி தொண்டைத் தொற்று. அப்புறம் கடுமையான மூட்டு வாதக் காய்ச்சல், இதயம் பாதிச்சு ஜூன் 3ல இறந்துட்டார். வயசு 36. அன்னைக்கு அவரோட கல்யாண நாள். பென்சிலின் வர இன்னும் பல வருஷம் இருந்துச்சு. ஓபியில தொண்டை வலின்னு வர்ற பசங்களைப் பார்க்கும்போது சில நேரம் இவர் ஞாபகம் வரும். சில மாசத்துலயே வியன்னாவுல கார்மென் ஜெயிச்சுச்சு. பார்க்க அவர் இல்ல.

ஆனா நான் சொல்ல வந்தது இன்னொரு சிநேகிதரைப் பத்தி. பாலே பெண்களை வரைஞ்ச ஓவியர் எட்கார் தெகா. ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வயசு. ஆப்பராவோட மேடைக்குப் பின்னால அலேவி நிக்கிறதை தெகா வரைஞ்சிருக்கார். அலேவி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில அவருக்கு நிரந்தர இடம். பசங்களுக்கு அவர் வீட்டு ஆள் மாதிரி.

1894ல ட்ரேஃபஸ்னு ஒரு யூத ராணுவ கேப்டன் மேல, ஜெர்மனிக்கு ரகசியம் வித்தார்னு பொய்க் குற்றம் சுமத்தினாங்க. பிரான்ஸே ரெண்டாச்சு. அலேவி வீடு ட்ரேஃபஸ் பக்கம். தெகா எதிர்ப்பக்கம், அதுவும் யூத வெறுப்போட. 1897 கடைசியில ஒரு விருந்து. தெகா வாயே திறக்கல. அதுக்கப்புறம் அந்த மேஜைக்கு அவர் வரல.

தெகாவை நான் நியாயப்படுத்த மாட்டேன். 1906ல ட்ரேஃபஸ் நிரபராதின்னு தீர்ப்பு வந்துச்சு. அப்பவும் அவர் திரும்பல.

எனக்கும் ஹாஸ்டல்ல ஒரு ரூம்மேட் இருந்தான். அஞ்சு வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டோம். ஒரு தேர்தல் நேரத்துல வாட்ஸப் குரூப்ல சண்டை. அவன் சொன்னது தப்புன்னுதான் இன்னைக்கும் நினைக்கிறேன். ரெண்டு வருஷமா பேச்சில்ல.

1908 மே மாசம் அலேவி இறந்தார். தெகாவுக்கு அப்போ 73, கண்பார்வை மோசம். அந்த வீட்டுக்கு வந்தார். பத்து வருஷத்துக்கு மேல மிதிக்காத வாசப்படி. உள்ளே போய் சிநேகிதரோட முகத்தைப் பார்த்தார்.

நைட் டூட்டி முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. காலைல அவனுக்கு ஃபோன் பண்ணப் போறேன். எடுப்பானான்னு தெரியல.