பத்துக்கு ஆறு

சண்டை பிடிக்கிறதுக்கு சுருவிலில் விஷயமா இல்லை? காணி எல்லை, கோயில் நிர்வாகம், கிரிக்கெட், கனடாக் காசு எண்டு எவ்வளவோ கிடக்கு. ஆனால் எங்கட செட் கொஞ்ச வருசமாக ஒரு அமெரிக்கரை வைத்துத்தான் சண்டை பிடிக்குது. மொட்டைத் தலை, கண்ணாடி, பின்னால இசைத்தட்டு அடுக்கின தட்டு. பெயர் அந்தோனி ஃபன்டானோ.

வாசிக்கிற உங்களில் பலருக்கு ஆளைத் தெரிந்திருக்கும். தெரியாதவைக்கு: 2009 முதல் 'த நீடில் ட்ரொப்' என்ற பெயரில் யூடியூப்பில் அல்பங்களை விமர்சிக்கிறவர். கமராவைப் பார்த்து எட்டு, பத்து நிமிசம் கதைப்பார். முடிவில் பத்துக்கு இத்தனை என்று ஒரு எண் சொல்லுவார். அதையும் வெறும் எண்ணாகச் சொல்லமாட்டார். 'வலுவான ஏழு', 'லேசான எட்டு' என்று அதற்குள்ளேயும் ஒரு தராசு வைத்திருக்கிறார். 25 வயசுக்குக் கீழ இருக்கிறவைக்கு இவர் ஒருத்தர்தான் கணக்கில் வருகிற இசை விமர்சகர் என்ற கருத்தில் 2020இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையே தலைப்புப் போட்டது.

அவரைப் பற்றின சண்டை எப்பவும் ஒரு எண்ணில்தான் தொடங்கும். 2010ஆம் ஆண்டு கன்யே வெஸ்ட்டின் 'மை பியூட்டிஃபுல் டார்க் ட்விஸ்டட் ஃபன்டசி' வெளிவந்தது. பிட்ச்ஃபோர்க் அதற்குப் பத்துக்குப் பத்துக் கொடுத்தது. ஃபன்டானோ கொடுத்தது ஆறு. அதற்குப் பிறகு எத்தனையோ நூறு அல்பங்களைப் பற்றி அவர் கதைத்துவிட்டார். டெத் கிரிப்ஸின் 'த மணி ஸ்டோர்' அல்பத்துக்கும் கெண்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் அ பட்டர்ஃப்ளை'க்கும் பத்துக் கொடுத்தார். ஆனால் அந்த ஆறை மட்டும் ஒருத்தரும் மன்னிக்கிறதாக இல்லை.

எங்கட செட்டில் இரண்டு கட்சி. ஸ்காபரோவில் இருந்து லீவுக்கு வாற பெரியம்மாவின் மகன் ஒரு கட்சி. "உவனுக்கு எரிச்சல் மச்சான். பாட்டுப் போட வக்கில்லாதவன் பாட்டுக்காரனுக்கு மார்க்ஸ் போடுறான்" என்பார். மற்றக் கட்சி என்ர சினேகிதன். அவன் முதலில் விமர்சனத்தைப் பார்ப்பான், பிறகுதான் அல்பத்தைக் கேட்பான். எண் ஐந்துக்குக் கீழ போனால் கேட்கவே மாட்டான். "நேரம் மிச்சம்" என்று ஒரு விளக்கமும் வைத்திருக்கிறான்.

ஒருத்தருக்கு அவர் எதிரி, மற்றவனுக்கு அவர் சாத்திரி. பார்த்தால் எதிர் எதிர்க் கட்சி. ஆனால் இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: எட்டு நிமிசக் கதையை விட்டுவிட்டு, கடைசி இரண்டு செக்கனில் வருகிற எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இது எங்களுக்கு எங்கேயிருந்து வந்தது என்று யோசித்தால், தூரம் போகத் தேவையில்லை. ஐந்தாம் வகுப்பில், பத்து வயசில், புலமைப்பரிசில் எழுத வைக்கிறார்கள். 200க்கு எத்தனை என்று ஒரு எண் வரும். வெட்டுப்புள்ளிக்கு மேலே நின்றால் கேக், கீழே நின்றால் வீட்டில் செத்த வீடு மாதிரி ஒரு அமைதி. அந்தப் பிள்ளை என்ன எழுதினது, எங்கே யோசித்தது, எங்கே பயந்தது என்று யாராவது கேட்டதுண்டா? எண் வந்தால் கதை முடிந்தது. அப்படி வளர்ந்த காதுக்கு, 'பத்துக்கு ஆறு' என்றால் அது அல்பத்துக்குப் போட்ட எண்ணாகக் கேட்காது. அந்த அல்பத்தை விரும்பின எனக்குப் போட்ட எண்ணாகத்தான் கேட்கும். அதுதான் சுடுகிறது.

இது எங்கட வியாதி மட்டுமில்லை. 2022இல் டிரேக் ஃபன்டானோவுக்கு அனுப்பின தனிச்செய்தி எல்லாருக்கும் தெரியும். உன்ர இருப்புக்கே லேசான ஒன்றுதான் தரலாம் என்ற மாதிரி எழுதியிருந்தார். உலகத்திலேயே அதிகம் கேட்கப்படுகிற பாட்டுக்காரர்களில் ஒருத்தர், விமர்சகரின் தராசையே எடுத்து விமர்சகரை நிறுத்துப் பார்க்கிறார். எண் அல்பத்தை விட்டு ஆளுக்குத் தாவுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

என்னைக் கேட்டால், ஒரு விமர்சகரை நம்புறதும் தேவையில்லை, வெறுக்கிறதும் தேவையில்லை. அவரின் காதைத் தெரிந்து வைத்திருந்தால் காணும். எங்கட சித்தப்பா எந்தக் கறியை வாயில் வைத்தாலும் "உறைப்புக் காணாது" என்பார். அவர் அப்படிச் சொன்னால், எங்களுக்கு அளவான உறைப்பு என்று அம்மாவுக்குத் தெரியும். அவர் "பரவாயில்லை" என்ற நாளில் நாங்கள் தண்ணிச் செம்போடுதான் இருக்கவேணும். அவரின் நாக்குப் பிழையுமில்லை, சரியுமில்லை. மாறாமல் இருக்கிறது, அதனால் பயன்படுகிறது. ஃபன்டானோவுக்கு இரைச்சலும் முரட்டுத்தனமும் பிடிக்கும். அவர் துள்ளிக் குதித்துப் புகழுகிற சில அல்பங்கள் எனக்குத் தகரக் கூரையில் கல் விழுகிற மாதிரி இருக்கும். அதைத் தெரிந்துகொண்டால் அவரின் ஐந்தும் எனக்கு ஒரு தகவல், பத்தும் எனக்கு ஒரு தகவல்.

விமர்சகருக்குக் கேட்காத ஒன்று எங்களுக்குக் கேட்கலாம் என்பதும் உண்மை. அதற்கு நல்ல உதாரணம் எங்கட வீட்டுக்குக் கிட்டவே இருக்கிறது. எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, சின்ன வயசில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, சண்டைக்குள்ளால் திரும்ப லண்டன் போனவர். முதல் அல்பத்துக்குத் தகப்பனின் பெயர், 'அருளர்', 2005. இரண்டாவதுக்குத் தாயின் பெயர், 'கலா', 2007. 'கலா'வுக்கு பிட்ச்ஃபோர்க் 8.9 கொடுத்தது. மூன்று வருசம் கழித்து வந்த 'மாயா'வுக்கு 4.4. "எங்கட பிள்ளைக்கு 4.4ஓ?" என்று பெரியம்மாவின் மகன் இன்றைக்கும் நெஞ்சில் கை வைப்பார். இவ்வளவுக்கும் 'மாயா'வை அவர் முழுக்கக் கேட்டதில்லை.

நான் அந்த மூன்றையும் பஸ்ஸில் கேட்டனான். எங்கட பக்கத்தில் பஸ் ஏறினால் வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பண்ணைக் கடல் தாண்டி யாழ்ப்பாணம் போய்ச் சேர ஒரு அல்பம் முடியும். 'கலா'வில் 'பேர்ட் ஃப்ளூ' என்று ஒரு பாட்டு. அதில் இந்தியாவில் பதிந்த உறுமி அடிக்கிறது. வெளியில் இருந்து கேட்கிறவருக்கு அது புதுசான, எங்கேயோ தூரத்து மேளம். எனக்கு அது தூரத்து மேளமில்லை. திருவிழாவும் செத்த வீடும் ஒரே நாளில் வந்த மாதிரி இருந்தது. அதே நேரம், 'மாயா'வைக் கேட்கும்போது சில இடத்தில் சத்தம் பாட்டை விழுங்கிவிடுகிறது என்று எனக்கும் பட்டது. அதாவது 8.9 கொடுத்தவர் எனக்குக் கேட்ட முக்கியமான ஒன்றைக் கேட்டிருக்கமாட்டார். 4.4 கொடுத்தவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். இப்படிச் சொல்ல எண்ணால் முடியாது. வசனம் வேணும்.

எங்கட பக்கத்துக் குறை அங்கேதான் இருக்கு. எங்களிடம் கோபம் இருக்கு, வசனம் இல்லை.

தமிழில் இசை விமர்சனம் புதிசில்லை. கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் கச்சேரிகளைப் பற்றி எழுதினார். சுப்புடுவின் பேனாவுக்கு வித்துவான்களே பயந்தார்கள் என்பது ஊரறிந்த கதை. இந்தக் காலத்தில் 'மில்லிபிளாக்' நடத்துகிற கார்த்திக் சினிமாப் பாட்டுகளைப் பற்றி நூறு சொல்லுக்குள் எழுதுகிறார். அதற்கும் ரஹ்மான் ரசிகர், ராஜா ரசிகர், அனிருத் ரசிகர் என்று வரிசையில் வந்து சண்டை பிடிக்கிறார்கள். கச்சேரிக்கு ஆள் இருந்தது. சினிமாவுக்கு ஆள் இருக்கிறது. எங்கட பொப்புக்கு?

நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும், 2018இல் காலமான ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் தெரியாத வீடு இஞ்ச இல்லை. பைலாத் தாளத்துக்குள் தமிழ்ப் பேச்சைக் கொண்டுவந்து இருத்தினவர்கள் அவர்கள். 'சுராங்கனி' கடல் தாண்டிப் போய்த் தமிழ்நாட்டுச் சினிமாவுக்குள்ளேயே புகுந்தது. அம்மப்பாவிடம் கேட்டால், "அதெல்லாம் ஒரு பாட்டோ? கலியாண வீட்டில குடிகாரர் ஆடுறதுக்கு" என்பார். அவரே பின்னேரம் கிணத்தடியில் அதைத்தான் முணுமுணுப்பார். ஒரு பக்கம் 'அதெல்லாம் பாட்டோ', இன்னொரு பக்கம் 'எங்கட பொப் இசைச் சக்கரவர்த்தி'. ஏச்சும் பட்டமும் தாராளம். அந்தக் கிற்றார் ஏன் அப்படி அடிக்குது, அந்தப் பேச்சுத் தமிழ் ஏன் அந்தத் தாளத்தில் வழுக்காமல் நிற்குது என்று இருந்து கதைக்கிறதுதான் இல்லை.

இது பழைய பாட்டுக்கான கவலை மட்டுமில்லை. எண்ணைப் பார்த்துப் பாட்டுக் கேட்கிற அந்தச் சினேகிதன் இருக்கிறானே, அவனே பாட்டுப் போடுகிறவன். பகலில் மேசன் வேலை. இரவில் போனில் வரி எழுதுவான். போன வருசம் 15,000 ரூபாய் சேர்த்து, யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்டூடியோவில் ஒரு ராப் பாட்டுப் பதிந்து யூடியூப்பில் விட்டான். முதல் கிழமை 212 பேர் பார்த்தார்கள். கீழே 'சூப்பர் தம்பி', 'வேற லெவல்', 'வாழ்த்துகள் உறவே', இடைக்கிடை நெருப்புப் படம். வெளிநாட்டில் இருந்து மாமாமாரும் நெருப்புப் படம்.

அவன் என்னட்டக் கேட்டான், "உண்மையச் சொல்லு, எப்பிடி?"

சொன்னேன். "நீ இஞ்ச பிறந்து வளந்தனீ. பாட்டுக்குள்ள ஏன் 'நம்ம ஏரியா', 'கெத்து' எண்டு சென்னைப் பெடியன் மாதிரிக் கதைக்கிறாய்? நடுவில கடல் சத்தம் ஒண்டு வருது, அதுதான் பாட்டிலயே நல்ல இடம். அதுக்கு மேல ட்ரம்ஸைப் போட்டு மூடிப்போட்டாய்."

அந்தக் கடல் சத்தம் அவனே விடிய ஐந்து மணிக்குக் கரையில் போனை வைத்துப் பதிந்தது. எனக்கு அது தெரியும். அவன் முகம் சுண்டிப்போச்சு. "நீ என்ன பெரிய ஃபன்டானோவே?" எண்டு கேட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மூன்று கிழமை கதைக்கவில்லை.

பெரியம்மாவின் மகன் என்னை ஏசினார். "மில்லியன் கணக்கில் உழைக்கிற கன்யேக்கு ஆறு போடலாம். 212 பேர் பார்த்த பெடியனுக்கு என்ன விமர்சனம்? ஊக்கம்தான் குடுக்கவேணும்." அவர் சொல்வதில் பாதி எனக்கும் சரி. அதனால்தான் நான் அதை எல்லாரும் பார்க்கக் கீழே எழுதவில்லை, மதவில் இருந்து அவன்ர முகத்துக்கு நேரே சொன்னேன். பெரிய மரத்தில் கத்தி வைக்கிற மாதிரிக் கன்றில் வைக்கேலாது. ஆனால் மற்றப் பாதியை நான் ஏற்கமாட்டேன். 'சூப்பர் தம்பி' ஊக்கமில்லை. அது பாட்டைக் கேட்காமலே போடலாம். பலர் அப்படித்தான் போடுகிறார்கள். 15,000 ரூபாயும் ஒரு வருச இரவும் போட்டவன், 'சூப்பர்' மட்டும் கேட்டுக் கேட்டு, பார்க்கிறவர்கள் தொகை ஏன் கூடுதில்லை என்றும் விளங்காமல், மூன்றாவது பாட்டோடு மைக்கை வித்துப்போட்டுப் போவான். அப்படிப் போனவர்கள் எங்கட பக்கத்தில் ஒன்றிரண்டு பேரில்லை. அவர்களை ஒருத்தரும் கடுமையாக ஏசவில்லை. ஒருத்தரும் ஒழுங்காகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நாலாவது கிழமை இரவு பதினொன்றரைக்கு ஒரு வொய்ஸ் வந்தது. கதை ஒன்றுமில்லை. நாற்பது செக்கன் கடல் மட்டும். பிறகு அவன்ர குரல், தாளமில்லாமல், நாங்கள் மதவில் கதைக்கிற தமிழில் நாலு வரி. கடைசியில், "இது காணுமோ?"

அவனுக்கு என்ன எழுதினேன் என்பது எனக்கும் அவனுக்கும் உள்ள விஷயம். ஒன்று மட்டும் சொல்லலாம், அதில் எண் இல்லை.

ஃபன்டானோவின் விமர்சனங்களை நூற்றுக்கணக்கில் பார்த்ததில் நான் கவனித்த ஒரு சின்ன விஷயம். எண்ணைச் சொன்ன உடனே அவர் நிறுத்துவதில்லை. நீங்கள் கேட்டீர்களா, பிடித்ததா, பிடிக்கவில்லையா, நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று பார்க்கிறவரைக் கேட்டுத்தான் முடிக்கிறார். பத்து வருசத்துக்கு மேலாக ஒருத்தர் ஒவ்வொரு நாளும் கேட்கிற கேள்வி. நாங்கள் அதைத் தாண்டி அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம், இல்லாவிட்டால் தலையில் மயிர் இல்லாததைப் பற்றி எழுதுகிறோம்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் எழுதிப் பழகினால் நல்லது. கன்யேக்கு அது தேவையில்லை, ஃபன்டானோவுக்கும் தேவையில்லை. பக்கத்து ஒழுங்கையில் இரவிரவாக வரி எழுதுகிற பெடியனுக்கும் பெட்டைக்கும்தான் தேவை. உங்கட ஊரில் அப்படி ஒருத்தர் கட்டாயம் இருப்பார். அவரின் பாட்டை இயர்ஃபோன் போட்டு மூன்று தரம் கேளுங்கோ. எந்த இடத்தில் மயிர் கூச்செறிந்தது, எந்த இடத்தில் போனைப் பார்க்கத் தொடங்கினீர்கள் என்று இரண்டு பத்தி எழுதி அவருக்கு மட்டும் அனுப்புங்கோ. கொஞ்ச நாள் கதைக்காமல் இருப்பார். இருக்கட்டும்.