லாபம், ரெண்டு, மூணு

டெஸ்ட் எழுதும்போது ஊர்ப்பெயர் கேட்கிற இடத்தில் என் கை கோவில்பட்டி என்றுதான் அடிக்கும். ஊர்ப்பாசம் பாதி. மீதி, அந்தப் பேரில் வேலை இருக்கிறது. எழுத்து ஆறு, யூனிகோடில் 11 குறியீடு, யுடிஎஃப்-8 கோப்பில் 33 பைட். 'கோ'வின் ஓகாரத்தை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று பிரித்தும் வைக்கலாம். பிரித்தால் 36 பைட். திரையில் வித்தியாசமே தெரியாது. பைட்டை ஒப்பிட்டால் வேறு வேறு.

சிலேட்டில் நாங்கள் கொம்பை முதலில் போட்டு, 'க' எழுதி, பிறகு கால் இழுத்தோம். கணினியோ 'க'வைத்தான் முதலில் வைக்கிறது.

சிலேட்டைப் போட்டுவிட்டு ஓடுவது களத்துக்கு. தை பிறந்தால் கம்பும் சோளமும் வந்து குவியும். தாத்தா மரக்காலில் அளப்பார். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்; "லாபம்... ரெண்டு... மூணு..." மாமா சுவரில் கரிக்கோடு போடுவார். ஒரு தடவை கோடு போட வந்த அசலூர்ப் பையன், லாபம் என்பதைச் சாமி பேர் மாதிரி எடுத்துக்கொண்டு 'ரெண்டு'க்குத்தான் முதல் கோடு போட்டான். அவன் கோட்டை அவனையே எண்ணச் சொன்னால் கணக்கு சுத்தமாக இருக்கும். மாமா வந்து எண்ணியபோதுதான் ஒரு மரக்கால் காணோம்.

சீரியலைசேஷனுக்கு எல்லாரும் எழுதுகிற டெஸ்ட் இதுதான்: ஆப்ஜெக்டைக் கோப்பாக எழுது, திரும்பப் படி, ஒப்பிடு. வேண்டியதுதான், ஆனால் எழுதுவதும் படிப்பதும் ஒரே கை. எழுதும்போது விலை விடுபட்டு, படிக்கும்போது அதற்கு 0 விழுந்து, டெஸ்ட்டில் கொடுத்த விலையும் 0 என்றால் பச்சைதான். அதனால் டெஸ்ட்டில் ஒரு புலத்துக்கும் 0, வெற்றுச்சரம் கொடுக்க மாட்டேன். கூடவே, முந்தைய பதிப்பு எழுதிய கோப்பு ஒன்றை எடுத்து வைத்து, புது நிரல் அதைப் படிக்கிறதா என்று பார்ப்பேன். டெஸ்ட் சிவந்ததும் அந்தக் கோப்பையே புதிதாக உருவாக்கிப் பச்சையாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு டெஸ்ட் எதற்கு?

ஜேசனில் புலங்களின் வரிசைக்குப் பொருள் கிடையாது. அங்கே பைட்டை ஒப்பிடாமல் மதிப்பை ஒப்பிட்டால் போதும். ஆனால் ஊர்ப்பெயரில் பைட்டைத்தான் பார்ப்பேன்: 36 பைட்டாகக் கொடுத்தது 36 ஆகவே திரும்ப வேண்டும். யூனிகோடின் இயல்பாக்க விதி இரண்டையும் ஒன்றாக்கும்; அதைப் பெயரை உள்ளே வாங்கும் இடத்தில் செய்துகொள்ளலாம், அதற்குத் தனி டெஸ்ட். கோப்பு எழுதும் நிரல் அதில் கை வைக்கக் கூடாது.