எத்தனை சவரன்?

போன மாதம் என் பேத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே, "எத்தனை சவரன் போடுவீங்க?" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா கேட்டுவிட்டார். பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டது அதற்குப் பிறகுதான். எனக்கு அப்பாவின் கைகள் நினைவுக்கு வந்தன. எத்தனை முறை கழுவினாலும் வெடிப்புகளுக்குள் சாம்பல் நிறப் பாறைத்தூள் தங்கியிருக்கும் கைகள்.

அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. வட ஆர்க்காட்டிலிருந்து மூட்டை முடிச்சோடு அங்கே போன எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். இறங்க இறங்கப் பாறையே அனலாய்க் கொதிக்கும். ஒரு டன் கல்லை உடைத்து, மாவாக அரைத்து, சயனைடில் கரைத்து எடுத்தால் மிஞ்சுவது சில கிராம்தான். ஒரு சவரன் 8 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் அந்த மண்ணைவிட்டு வெளியே போயிற்று. எங்கள் லைன் வீட்டிலிருந்த தங்கம், அம்மாவின் தாலியோடு கோத்த இரண்டு குண்டு மட்டும்.

1930 வேலைநிறுத்தத்தைப் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார். அது தாத்தா காலத்துச் சங்கதி. தொழிலாளிகள் எல்லாரும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. "நாங்க என்ன திருடனுங்களா?" என்று கேட்டு, ஏறக்குறைய மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். ஒருநாள் கூலி போனால் மறுநாள் அடுப்பு எரியாத வீடுகள் அவை. அந்தப் பட்டினியைவிடப் பெரிய சொத்து எதையும் தாத்தா எங்களுக்கு விட்டுப்போகவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது அடுத்த வீட்டுக்காரருக்கு அவசரமாக ஆபரேஷன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. குண்டுகளை உருவிக்கொண்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கட்டிக்கொண்டாள். குண்டுகள் சேட்டு கடைக்குப் போயின. தங்கம் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆபத்துக்கு அதைப்போல உதவுவது வேறில்லை. ஆனால் அது உதவ வேண்டுமென்றால் ஒருத்தி அதைக் கழற்றித் தர வேண்டுமே!

நாலு வருஷம் அம்மா கேட்கவேயில்லை. ஒரு தீபாவளிக்கு முன்னால் அந்த வீட்டு அக்கா, வட்டியெல்லாம் தானே கட்டி மீட்டு, காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள். அம்மா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, "சாப்ட்டுட்டுப் போடி" என்றாள்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அந்த வீட்டுப் பையனும் மற்றவர்களைப் போலத் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனான். அம்மா இறந்த அன்று வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து, என்னோடு பாடைக்குத் தோள் கொடுத்தான்.

அந்தப் பெரியம்மாவிடம் நான் சவரன் கணக்குச் சொல்லவில்லை. இந்தக் கதையைத்தான் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே ஜன்னல் பக்கம் பார்த்திருந்தார். மாப்பிள்ளைப் பையன் மட்டும் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டு, "அப்புறம் தாத்தா?" என்றான்.